மூன்றாவது செடில்

“அப்பா, உங்களுக்கு நொந்தா எனக்கு எப்பிடிச் சுகம் வரும்?”

ஜனார்த்தன் இதைக் கேட்டபோது அவனுக்கு ஆறு வயது. கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்திருந்தான். மயிர் கொட்டிப்போன தலையில் நீலத் தொப்பி, கையில் அப்பிள் யூஸ் பெட்டி. அவனுக்கு முன்னால் தகப்பன் கிருபன் தோளில் காவடியோடு நின்றார். அவருடைய முதுகுத் தோலில் கொளுக்கிகள் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றில் கட்டிய கயிறுகளைப் பின்னால் ஒருவர் இழுத்துப் பிடித்திருந்தார். செடில் காவடி என்றால் அப்படித்தான்.

கிருபன் மகனைப் பார்த்துச் சிரித்தார். பதில் சொல்லவில்லை. தாய் நிரூபாதான் சொன்னாள்.

“அது முருகனுக்குத் தெரியும். நீ யூஸைக் குடி.”

பிள்ளை யூஸைக் குடித்தான்.

இந்தத் தொடரை இந்த வாரந்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சில வரிகள். காவடி எடுக்கும் அந்த நேர்த்திக்கடனை வைத்தவள் நிரூபா. மகனுக்கு இரத்தத்தில் புற்றுநோய் என்று சொன்ன அன்று, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடி, “மூன்று வருசம் அவர் செடில் காவடி எடுப்பார்” என்று முருகனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நம்மவர் பலர் அப்படி நேர்ந்திருக்கிறோம். வாய் ஒருவருடையதாக இருக்கும், உடம்பு இன்னொருவருடையதாக இருக்கும். கிருபன் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு கோடைகள் எடுத்தார். இரண்டாவது கோடைக்குப் பிறகு வந்த மாரிக் குளிர்காலத்தில் ஜனா போய்விட்டான். முதலாண்டு ஆட்டைத் திவசம் முடியாமல் காவடி எடுக்கக்கூடாது என்பதால் அதற்கடுத்த கோடை சும்மா கழிந்தது. இப்போது மீண்டும் கோடை. மூன்றாவது செடில் மிச்சமாக நிற்கிறது.

கிருபனுடைய முதுகும் மிச்சமாக நிற்கிறது. கொளுக்கி ஏறிய இடங்கள் ஆறின. ஆறிய பிறகும் தோல் வளர்வதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு துளையும் தடித்து, மினுங்கி, குத்திய இடத்தைத் தாண்டிப் பரந்தது. சில அயலிலுள்ளவற்றோடு சேர்ந்து பெருவிரல் பருமனில் வரம்புகளாயின. கீலொயிட் என்று குடும்ப வைத்தியர் பெயர் சொன்னார். மகள் அட்சயா மாதக்கணக்கில் தொலைபேசியில் தொங்கி ஒரு தோல் வைத்தியரிடம் நாள் எடுத்தாள். அந்த நாள் வியாழக்கிழமையாக வந்து விழுந்தது. காவடி சனிக்கிழமை.

அந்த வியாழக்கிழமைதான் இது.

*

பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் கிருபன் மல்வேர்ன் பகுதியிலுள்ள வீட்டுக்குள் நுழைந்தபோது அவரோடு வெண்ணெய் வாசமும் நுழைந்தது. சப்பாத்தைக் கழற்ற முன்னரே தொலைபேசி அடித்தது. கையில் மாவு காய்ந்திருந்ததால் சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தார். கோயிலில் செடில் குத்தும் கிழவர்தான் பேசினார்.

“தம்பி, இராஜரட்ணம் கதைக்கிறன். சனிக்கிழமை விடியவே வந்திடும். செடில் முள்ளெல்லாம் கழுவி வைச்சிட்டன். கயிறு பிடிக்கப் பெடியளும் சரி. முந்தின முறை மாதிரி என்னையும் பின்னால இழுத்துக்கொண்டு ஓடாதையும். முழங்கால் ரெண்டும் புதுசு, இன்னும் வாரண்டி முடியேல்லை.”

“வாறன் அண்ணை.”

அட்சயா கிண்ணத்தைத் தட்டென்று மேசையில் வைத்தாள். அவளுக்கு இருபது வயது, ஊரைவிட்டு வந்த இந்த நாட்டிலேயே பிறந்தவள்.

“அப்பா, ஆர் யூ சீரியஸ்? இண்டைக்கு டொக்டர், சனிக்கிழமை திரும்பக் குத்திறதோ?”

“டொக்டரிட்டை வாறன் எண்டு உனக்குச் சொன்னன். வாறன்தானே.”

“உது டென்ரிஸ்ற்றிட்டைப் போற வழியில ரொபி வாங்கிச் சப்பிற மாதிரி.”

“நல்ல ரொபியெண்டா எனக்கும் ஒண்டு தா.”

அட்சயாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காகவே கூடக் கோபம் வந்தது. தாயைப் பார்த்தாள். “அம்மா, நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டியளோ?”

நிரூபா தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றாள். ஏற்கெனவே கழுவிய கோப்பைதான். என்ன சொல்வது? எடுக்க வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எடுப்பார் என்று சொன்ன வாய் அது.

“போய் வெளிக்கிடுங்கோ. நேரம் போகுது,” என்றாள்.

காரை அட்சயா ஓட்டினாள். கிருபன் வழக்கம்போலப் பின் இருக்கையில், ஒரு தோள் மட்டும் படும்படி பக்கவாட்டாக உட்கார்ந்து வந்தார். இரண்டு வருடத்துக்கு மேலாக அந்த மனிதன் எதிலும் சாய்ந்ததில்லை. தொழிற்சாலையில் ஓய்வு நேரத்திலும் நின்றுகொண்டே சாப்பிடுவார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, உட்கார்ந்தால் நித்திரை வந்துவிடும் என்று சொல்வார்.

*

கிளினிக் வோபர்ன் பகுதியில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. காத்திருக்கும் அறையில் எல்லாமே முதுகு வைத்த கதிரைகள். சுவரோரம் ஒரேயொரு முக்காலி. அதில் பூப்போட்ட துணியால் தலையைச் சுற்றிக் கட்டிய ஒரு கரிபியன் பெண் இருந்தாள். அவளுடைய காதுமடலில் திராட்சைப்பழம் அளவில் ஒரு கட்டி. கிருபன் சுவரோடு படாமல் நிற்பதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்து, முக்காலியை அவர் பக்கம் காலால் தள்ளிவிட்டு, வேறொரு கதிரைக்குப் போனாள். கிருபன் தலையை அசைத்தார். அவளும் அசைத்தாள். அவ்வளவுதான். நிரூபா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்திக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது, ஒரு முக்காலி கிடைத்தது. வீட்டில் அவள் ஒரு கதிரையைக்கூட மாற்றிப் போடவில்லை.

உள்ளே அழைத்துப்போன தாதி தமிழ்ப் பெண். பெயர் பேர்ணடெற். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை.

“அண்ணை, சேர்ட்டைக் கழட்டிப்போட்டு உதில குப்புறப் படுங்கோ. பேப்பர் கிழிஞ்சாக் கவலைப்படாதையுங்கோ, றோல் றோலாக் கிடக்கு.”

டொக்டர் நடுவயதுப் பெண், மயிரை இறுகப் பின்னிக் கட்டியிருந்தார். முதுகைத் தொட முன்னர் இரண்டு உள்ளங்கைகளையும் உரசிச் சூடாக்கிக்கொண்டார். ஒவ்வொரு வரம்பாக விரலால் அளந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அட்சயா தமிழாக்கினாள்.

“அப்பா, இது உங்கட ஸ்கின்ர குணமாம். காயம் ஆறினாப் பிறகும் அதுக்கு நிப்பாட்டத் தெரியாதாம். எங்கட மாதிரிக் கறுத்த ஆக்களுக்குக் கூடுதலா வருமாம். பிறகு... வாட்ஸ் த வேர்ட்... ஓப்ஷன்ஸ்...”

“நான் சொல்லுறன் பிள்ளை,” என்றாள் பேர்ணடெற். அவள் நிரூபாவின் பக்கம் திரும்பினாள்.

“வெட்டி எடுக்கேலாதோ?” என்று நிரூபா கேட்டாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

“வெட்டலாம் அக்கா. ஆனா சும்மா வெட்டி விட்டா அநேகமானவைக்குத் திரும்ப வந்திடும், முந்தினதை விடப் பெரிசா. வெட்டின கையோட ரேடியேசன் குடுத்தா வாற வாய்ப்புக் குறையும். அது முதலாவது படியில்லை எண்டு டொக்டர் சொல்லுறா. குளிரால உறைய வைக்கிற முறையும் இருக்கு. எங்கட நிறத்தில அது வெள்ளை வெள்ளையாப் புள்ளி விட்டுடும். அதால முதல் ஊசி. கட்டிக்குள்ளயே போடுறது. மாதத்துக்கொருக்கா, ஒண்டரை மாதத்துக்கொருக்கா வரவேணும். முதல் கடி, அரிப்புக் குறையும். பிறகு மெல்ல மெல்லத் தட்டையாகும். வீட்டில சிலிக்கன் ஒட்டு ஒட்டவேணும், நாள் முழுக்க. முழுசா மறைஞ்சிடும் எண்டு இஞ்ச ஒருத்தரும் பொய் சொல்லமாட்டம்.”

டொக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: இரவில் கடிக்கிறதா, அரிக்கிறதா?

“இல்லை. பரவாயில்லை,” என்றார் கிருபன், கட்டிலில் முகம் புதைத்தபடி.

“பொய்,” என்றாள் நிரூபா. அவளை அறியாமலே வாய் வந்துவிட்டது. “வேலை இல்லாத இரவில எழும்பிப் போய்க் கதவுநிலையில முதுகைப் போட்டு உரசுவார். கன நேரம். மாடு மரத்தில உரசிற மாதிரி.”

கிருபன் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

“நீர் முழிச்சிருந்தனீரோ?”

நிரூபா நிலத்தைப் பார்த்தாள். முழித்துத்தான் இருந்தாள். ஒவ்வொரு முறையும் முழித்திருந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, நித்திரைபோல மூச்சு விட்டாள். எழுந்து போனால் அந்த முதுகைப் பார்க்க வேண்டும். தன் வாய் செய்த வேலையைப் பார்க்க வேண்டும்.

டொக்டருக்கு அது ஒன்றும் விளங்கியிருக்காது. அவர் கிருபனுடைய வலது தோளுக்குக் கீழே, புளியங்கொட்டைபோல மினுங்கிய ஒரு பழைய தடிப்பைத் தொட்டுக்காட்டி, இது எப்போது வந்தது என்று கேட்டார்.

“பதினைஞ்சு வயசில. சைக்கிளால விழுந்தது. சின்னச் சிராய்ப்பு. அது இப்பிடி வந்திட்டுது.”

பேர்ணடெற் மெதுவாகக் கேட்டாள். “அப்ப உங்கட தோல் இப்பிடிச் செய்யும் எண்டு முந்தியே தெரியுமோ அண்ணை?”

“ஓம்.”

“முதுகில முள்ளுக் குத்த முதலே?”

“ஓம்.”

நிரூபாவுக்கு அறையின் வெளிச்சம் ஒரு கணம் மங்கியதுபோல இருந்தது. திருமணமாகி இத்தனை வருடமும் அந்தத் தடிப்பை அவள் பார்த்திருக்கிறாள். சண்டைக் காலத்தில் வந்ததாக்கும் என்று நினைத்திருந்தாள். போர் நடந்த ஊரிலிருந்து வந்தவர்களின் உடம்பில் ஒரு தழும்பைக் கண்டால் நாம் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதுதான் மரியாதை என்று பழகிவிட்டோம். ஒரு சைக்கிள் விழுந்த கதையை அவள் இருபத்திரண்டு வருடமாக மரியாதைக்காகக் கேட்காமல் விட்டிருந்தாள்.

அட்சயா சனிக்கிழமைக் கதையை டொக்டரிடம் சொல்லிவிட்டாள். டொக்டர் கோபிக்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

“சாமியைப் பற்றித் தான் ஒண்டும் சொல்லேல்லையாம் அப்பா,” என்று அட்சயா சொன்னாள்.  “ஆனா சனிக்கிழமை புதுசாக் குத்தினா அதுவும் இப்பிடித்தான் வருமாம். அப்பிடியெண்டா இண்டைக்குத் தொடங்கிறதில பிரயோசனமில்லையாம். நீங்கள் யோசிச்சுச் சொல்லட்டாம்.”

டொக்டர் வெளியே போனார். பேர்ணடெற் அட்சயாவின் தோளில் கை வைத்தாள்.

“பிள்ளை, நீ என்னோட வா. ஒரு பேப்பர் நிரப்பவேணும்.”

நிரப்புவதற்கு ஒரு பேப்பரும் இருக்கவில்லை. கடவுள் சில வேளைகளில் இப்படிச் சின்னப் பொய்களையும் நல்லவர்கள் வாயில் வைத்து அனுப்புகிறார்.

*

கதவு சாத்தியது. கிருபன் எழுந்து கட்டிலின் விளிம்பில் இருந்தார். நிரூபா அவருக்கு முன்னால் நின்றாள்.

“தெரிஞ்சுகொண்டே போனனீங்களோ?”

“ம்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை? சொல்லியிருந்தா பால்காவடி எண்டு மாத்தியிருப்பன். பழத்தட்டு வைக்கிறன் எண்டாவது நேர்ந்திருப்பன். ஏதாவது செய்திருப்பன்.”

கிருபன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அண்டைக்கு ஆஸ்பத்திரியில டொக்டர்மார் சொல்லிப்போட்டுப் போன பிறகு நீர் பேயறைஞ்ச மாதிரி நிண்டனீர். பிறகு கொறிடோருக்குப் போயிட்டு வந்து, ‘நேர்ந்திட்டன்’ எண்டு சொன்னீர். அப்ப உம்மட முகத்தில ஒரு வெளிச்சம். அதை நான் எப்பிடி நூர்க்கிறது, நிரூபா?”

நிரூபா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

“சரி. அது போகட்டும். அவனுக்காகக் குத்தினது. இப்ப ஆருக்காக? அவனில்லை. மூண்டாவதை எடுத்து ஆருக்கு என்ன வரப்போகுது?”

கிருபன் கட்டிலில் விரித்திருந்த கடதாசியின் ஓரத்தை மடித்தார், விரித்தார்.

“உமக்கு நான் ஒண்டு சொல்லேல்லை,” என்றார். “முதல் கோடைக்குப் பிறகு அவன் ஊசிக்கு அழுறதை விட்டவன். ஞாபகமிருக்கோ? நர்சுமார் எல்லாம் ‘பிறேவ் போய், பிறேவ் போய்’ எண்டு ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டவை. நாங்களும் பெருமைப்பட்டம்.”

“ஓம்.”

“கடைசி மாரியில கால் நோகுதெண்டு ஒரு கிழமையா அவன் சொல்லேல்லை. நடக்கேலாமப் போன அண்டுதான் தெரியும். ‘ஏன்ரா அப்பாட்டைச் சொல்லேல்லை?’ எண்டு கேட்டன். ‘நீங்கள் சொல்லேல்லைத்தானே அப்பா’ எண்டான்.”

நிரூபாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நீலத் தொப்பியோடு கதிரையில் இருந்த பிள்ளை, முதுகில் கொளுக்கிகளோடு சிரித்துக்கொண்டு நின்ற தகப்பனை அப்படியே பார்த்துப் படித்திருக்கிறான்.

“ஒரு கிழமை முந்தித் தெரிஞ்சிருந்தாலும் ஒண்டும் மாறியிருக்காது எண்டு டொக்டர்மார் சொன்னவைதானே,” என்றாள் அவள். தன் குரல் தனக்கே எட்டத்தில் கேட்டது.

“சொன்னவைதான். ஆனா அந்த ஒரு கிழமையும் அவன் தனிய நொந்தவன்.”

கிருபனுடைய தோள்கள் குலுங்கவில்லை. கண்ணில் நீர் வரவில்லை. அதுதான் நிரூபாவால் தாங்க முடியாமல் இருந்தது.

“நான் சிரிச்சுக்கொண்டு நிண்டு அவனுக்குப் பொய் படிப்பிச்சுப்போட்டன். பிறகு இந்த முதுகை ஆற விடுறதோ? கடிக்கட்டும். நோகட்டும். மூண்டாவதையும் எடுக்கிறன். வேற என்னத்தை நான் அவனுக்குக் குடுக்கிறது?”

ஒன்றரை வருடம் ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, இரண்டு பேரும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். அவர் கதவுநிலையில், அவள் சுவர்ப் பக்கம். தங்கள் பிள்ளை அந்த ஒரு கிழமையில் செய்ததையே தாங்களும் செய்துகொண்டு.

நிரூபா அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். கடதாசி சரசரத்தது.

“நேர்ந்தது நான். வாய் என்ர. முருகனிட்டை நான் கதைக்கிறன், அதை நீங்கள் எனக்கு விடுங்கோ.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “அவனுக்கு நீங்கள் குடுக்கவேண்டியது வேற.”

“என்ன?”

“நொந்தா, நோகுதெண்டு சொல்லுங்கோ. அண்டைக்குச் சொல்லாததை இண்டைக்குச் சொல்லுங்கோ. அவன் எங்க இருந்தாலும் கேக்கட்டும்.”

கிருபன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இணக்கம் இருந்ததா, களைப்பு இருந்ததா என்று நிரூபாவால் சொல்ல முடியவில்லை. இரவு முழுவதும் நின்று வேலை செய்த மனிதன். கடைசியில் திரும்பிக் கட்டிலில் குப்புறப் படுத்தார்.

“தொடங்கச் சொல்லும். ஆனா முருகனுக்கு நீர் என்னத்தைச் சொல்லப்போறீரோ எனக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியாது,” என்றாள் நிரூபா.

*

பேர்ணடெற் அவருடைய நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணையைச் செருகினாள். விறைக்கும் மருந்து போடட்டுமா என்று டொக்டர் கேட்டார். வேண்டாம் என்று கிருபனுடைய தலை அசையத் தொடங்கி, பாதியில் நின்றது.

“போடட்டும்,” என்றார்.

விறைத்தாலும் அந்த ஊசி லேசானதல்ல. கீலொயிட் கட்டி இறுகிய றப்பர் போன்றது. மருந்து உள்ளே போக இடம் தராது. டொக்டர் பெருவிரலால் அழுத்தி அழுத்திச் செலுத்த வேண்டியிருந்தது. கிருபன் பல்லைக் கடித்தார். கட்டிலின் இரும்பைப் பிடித்த விரல்கள் வெளிறின. சத்தமில்லை.

“அண்ணை, மூச்சை விடுங்கோ,” என்றாள் பேர்ணடெற். “நொந்தாச் சத்தம் போடுங்கோ. போடாத ஆக்களுக்கு இஞ்ச நாங்கள் பரிசுக் கப் ஒண்டும் குடுக்கிறேல்லை.”

கிருபனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வாயைத் திறந்தபோது, அடுத்த ஊசி உள்ளே போனது.

“நோகுது.”

மிக மெல்லிய குரல். பக்கத்தில் நின்ற நிரூபாவுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

“நோகுது, நிரூபா. நோகுதப்பா. ஐயோ, நோகுது.”

தமிழ் தெரியாத டொக்டர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பெரிய மனிதன் கட்டிலில் கிடந்து, கடதாசி விரிப்புக்குள் முகத்தைப் புதைத்து, குழந்தைபோல அழுதார். மகனைத் தகனம் செய்த அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை. கதவு சற்றே திறந்தது. வாசலில் அட்சயா நின்றாள். அவள் பிறந்த நாளிலிருந்து தகப்பனுடைய வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. உள்ளே வரவும் தெரியாமல், போகவும் தெரியாமல், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“வா பிள்ளை,” என்று நிரூபா கையை நீட்டினாள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு டொக்டர் மீண்டும் தொடங்கினார். ஒவ்வொரு ஊசிக்கும் கிருபன் நோகுது என்று சொன்னார். ஒவ்வொரு முறையும் தமிழ் தெரிந்த மூன்று பெண்களில் ஒருத்தி “ஓம்” என்றாள்.

புறப்படும்போது பேர்ணடெற் சிலிக்கன் ஒட்டுகளைப் பையில் போட்டுத் தந்தாள். “ரெண்டு மூண்டு நாள் போக ஒட்டலாம். கடிச்சாச் சொறியவோ உரசவோ கூடாது. ஊசி போடாத பக்கமாப் பாத்து உள்ளங்கையால மெல்ல அமத்திப் பிடிச்சாப் போதும்.” பிறகு நிரூபாவின் காதோடு, “உவருக்குக் கை எட்டாது அக்கா,” என்றாள்.

*

வீட்டுக்கு வந்ததும் கிருபன் சோபாவில் குப்புற விழுந்து நித்திரையாகிவிட்டார். சேர்ட்டைக் கழற்றிவிட்டிருந்தார். அட்சயா வகுப்புக்குப் போக மனமில்லாமல் போனாள். போகும்போது தகப்பனுடைய காலடியில் நின்று, கழன்றிருந்த ஒரு காலுறையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

பின்நேரம் கிருபனுடைய தொலைபேசி அடித்தது. திரையில் இராஜரட்ணம் என்று இருந்தது. நிரூபா அதை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

“அண்ணை, நான் நிரூபா. அவர் சனிக்கிழமை செடில் எடுக்கமாட்டார்.”

மறுமுனையில் காவடி சோடிக்கும் பெடியளின் சத்தம் கேட்டது.

“பிள்ளை, நான் குறை சொல்லேல்லை. அவன்ர முதுகை நானும் கண்டனான்தானே. குத்தினவனும் நான்தானே. அந்த நினைப்பில எனக்கும் கன இரவு நித்திரை இல்லை.” கிழவர் செருமினார். “ஆனா நேர்த்தி நேர்த்திதான். வெறுங்கையோட உங்களை அனுப்ப எனக்கு மனம் வராது. என்னத்தோட வருவீர்?”

“தெரியாது அண்ணை.”

“தெரியாதெண்டா?”

“தெரியாதுதான். ஆனா நேர்ந்தது நான். நான் வருவன். அவர் நேராத ஒண்டை இனி அவர் சுமக்கக்கூடாது.”

“அப்ப நானும் இந்தப் புது முழங்காலோட வாசல்ல நிக்கிறன். வாரும். வந்து முருகனிட்டையே கேப்பம்.”

தொலைபேசியை வைத்த பிறகும் நிரூபா அசையாமல் நின்றாள். சனிக்கிழமை முருகனுக்கு முன்னால் என்ன சொல்லப்போகிறாள்? பிள்ளையையும் எடுத்துக்கொண்டு கடனையும் கேட்கிறாயா என்றா? இல்லை, மன்னித்துக்கொள் என்றா? இரண்டும் அவளுடைய நெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது முந்தி வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அரிசி கழுவப் போனவள் கூடத்தில் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

கிருபன் நித்திரையில்தான் இருந்தார். ஆனால் வலது கை தானாக எழும்பி, முதுகுப் பக்கம் வளைந்து, எட்டாத ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது. விரல்கள் காற்றைப் பிறாண்டின. தோள் மூட்டு நெரிந்தது. கை அலுத்து விழுந்து, திரும்ப எழும்பியது.

நிரூபா ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். கிளினிக்கில் அந்த டொக்டர் செய்ததுபோல இரண்டு உள்ளங்கைகளையும் உரசிச் சூடாக்கினாள். சோபாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் முழங்காலில் இருந்தாள். முதன்முறையாக அந்த முதுகை முழுதாகப் பார்த்தாள். ஒவ்வொரு வரம்பையும் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

பிறகு, அவர் தேடிய அந்த இடத்தில், ஊசி படாத ஒரு பக்கமாக, உள்ளங்கையை வைத்து மெல்ல அமத்தினாள். தடிப்பு சூடாக இருந்தது. அதற்குள் நாடி துடிப்பதுபோலக்கூட இருந்தது. இத்தனை இரவும் கதவுநிலையிடம் விட்டிருந்த வேலையை அவள் இப்போது எடுத்துக்கொண்டாள்.

தேடிய கை தளர்ந்தது. கீழே சரிந்து தரைவிரிப்பில் விழுந்தது. கிருபன் ஒரு நீண்ட மூச்சை விட்டார். விழிக்கவில்லை. அவருக்கு அது தெரியவும் போவதில்லை.

வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. வெளியே பாடசாலை பஸ் வந்து நின்று, பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. சத்தங்கள் ஒவ்வொரு வாசலாகப் பிரிந்து அடங்கின. உலை வைக்கும் நேரம் கடந்தது. முழங்கால் விறைத்தது.

நிரூபா கையை எடுக்கவில்லை.